அக்காவின் அமெரிக்கத் தாள்

அக்காவுக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி இருந்தது. அமெரிக்க வரலாறு. மற்றதையெல்லாம் எப்படியோ முட்டி மோதித் தேறிவிட்டாள். இது மட்டும் இரண்டு முறை அவளைக் கவிழ்த்துவிட்டது. இதற்குள் பாடத்திட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். பழைய பாடத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அஞ்சல் வழிக் கல்விக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இதையும் விட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் அவள் பால்வாடியில் உதவியாளராகவே, சோறு வடித்து, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து ஓய்வு பெறவேண்டியதுதான். பட்டம் இருந்தால் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் வயது வரம்பு கழுத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். மங்களூர் பக்கம் ஒரு லாரியிலிருந்து ஓடு இறக்கும்போது கால் வழுக்கி விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுவிட்டார்கள். ஒரு கையால் செய்யும் வேலை எதுவும் அங்கே இல்லை. தெரிந்த ஓட்டுநர் ஒருவர் விழுப்புரம் வரை ஏற்றிவந்து விட்டார். அங்கிருந்து பஸ்ஸில் வந்தேன். சாரம் பகுதியில் அக்கா வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு நான் வருவது எப்போதும் இப்படித்தான். ஏதாவது உடைந்தால் வருவேன், சரியானதும் போய்விடுவேன். அக்கா காரணம் கேட்க மாட்டாள். தோளைப் பார்த்தாள், பாயை எடுத்துப் போட்டாள், சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"படி."

"நான் இன்னா படிக்கிறது? நானே ஒம்பதாவது பாதியில நின்னவன்."

"தமிழ்தானடா? எழுத்துக் கூட்டியாவது படி. எனக்குக் கண்ணால பார்த்தா தூக்கம் வருது. காதுல வுழுந்தாத்தான் மண்டையில ஏறும்."

நான் பள்ளியை விட்டது படிப்பு வராமல் அல்ல. அப்பா வேலை பார்த்த மில் மூடிக்கிடந்த சமயம் அது. வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகவேண்டும். அக்காவுக்குப் படிப்பில் ஆசை இருந்தது. எனக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார ஆசை இருந்தது. அதனால் நான் போனேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் நிறைய உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து படிப்பு தொடங்கியது. அக்கா அடுப்படியில் நெத்திலி கிள்ளுவாள், நான் நிலைப்படியில் உட்கார்ந்து முழங்காலில் புத்தகத்தை விரித்துப் படிப்பேன். இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அமெரிக்கக் கிழக்குக் கரை நெடுக ஊர் ஊராகக் குடியேறின கதை. மேலே வட பகுதி, நடுவில் நடுப் பகுதி, கீழே தென் பகுதி. ஒரே நாட்டிலிருந்து ஒரே மொழி பேசிக்கொண்டு போனவர்கள், இறங்கின இடத்து மண்ணுக்கும் குளிருக்கும் ஏற்ப ஆளுக்கொரு பிழைப்பாகப் பிரிந்துபோனார்கள். இதுதான் பாடம். முக்கியமான கேள்வி என்று அக்கா பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். முன்பு இரண்டு முறையும் இதே கேள்விதான் வந்ததாம். இரண்டு முறையும் வடக்கில் எழுதவேண்டியதைத் தெற்கில் எழுதிவிட்டு வந்தாளாம்.

"மாசசூசெட்ஸ், கனெக்டிகட்…" என்று நான் தடவித் தடவிப் படித்தேன்.

"பேரப் பாரு. கரண்டு கட்டானாப்ல இருக்குது."

"பென்சில்வேனியா."

"இது பரவால்ல. பென்சில் வெச்சிக்கினு ஞாபகம் வெச்சிப்பேன்."

ஆனால் பெயர் நின்றாலும் உள்ளே இருப்பது நிற்கவில்லை. எங்கே கோதுமை, எங்கே புகையிலை, எங்கே மீன் என்று கேட்டால் கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டுத் தப்பாகச் சொல்வாள். தனக்கே கோபம் வந்து நெத்திலியின் தலையைக் கொஞ்சம் அதிகமாகவே கிள்ளிவிடுவாள்.

அப்படி ஒரு சாயங்காலம் வடபகுதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. கல் நிறைந்த நிலம், குளிர் அதிகம், பயிர் செய்யும் காலம் குறைவு. அதனால் கடலை நம்பினார்கள். மீன் பிடித்து, உப்புப் போட்டு, மரச்சட்டங்களில் காயவைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். மரம் வெட்டிக் கப்பலும் கட்டினார்கள்.

"அக்கா, இது நான் வேலை பார்த்த ஊருதான்."

"அமெரிக்காவுல எப்படா வேலை பார்த்த?"

"குஜராத்துல. கடலோரத்துல மீன் காயப்போடற எடத்துல இருந்தேன்ல. மூங்கில் நட்டு, கயிறு கட்டி, அதுல மீன வாயோட வாயி மாட்டித் தொங்கவுடுவோம். காலையில பனி கொட்டும். கையில உப்பு ஏறி வெடிச்சிப் போயி இருக்கும். அந்தக் கையோட மீனத் தொட்டா உயிர் போவும். பக்கத்துலயே மரத்துல படகு கட்டுவாங்க, நாள் பூரா சுத்தியல் சத்தம்."

அக்கா கிள்ளுவதை நிறுத்தினாள். "வெடிச்ச கையி," என்றாள். "வடக்கு. உப்பு. சரி, நெஞ்சுல வுழுந்துடுச்சி. அடுத்தது."

அடுத்தது நடுப் பகுதி. நல்ல மண், பெரிய ஆறுகள், கோதுமை, ஆற்றோரம் மாவு ஆலைகள். ரொட்டிக் குடியேற்றங்கள் என்றே அவற்றைச் சொல்வார்கள் என்று புத்தகம் சொன்னது. அங்கே ஆங்கிலேயர் மட்டும் இல்லை. டச்சுக்காரர், ஜெர்மானியர், ஸ்வீடன்காரர், இன்னும் யார் யாரோ. ஆளுக்கொரு சாமி கும்பிட்டுக்கொண்டு பெரிய சண்டையில்லாமல் இருந்தார்கள். அதற்கும் என்னிடம் ஓர் ஊர் இருந்தது. பஞ்சாபில் கோதுமை மண்டி. அறுவடைக் காலத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தேன். ஒரு கொட்டகையில் பீகார்காரன், நேபாளி, ராஜஸ்தான்காரன், நான். யாருக்கும் யார் பேச்சும் முழுதாகப் புரியாது. சாக்கு உள்ளே போகும்போது ஒருவன் தூக்கிவிடுவான், மற்றவன் தோள் கொடுப்பான். அதற்குப் பேச்சு தேவையில்லை. மாவு தூசி புருவத்தில் படிந்து எல்லோரும் கிழவர்களாகத் தெரிவோம். அக்கா சிரித்தாள். "வெள்ளைப் புருவம்," என்று தனக்குள் சொல்லிப் பதிய வைத்துக்கொண்டாள்.

கப்பல் கூலி கொடுக்க முடியாதவர்கள் சில வருடம் உழைத்துக் கழிப்பதாக எழுதிக்கொடுத்து அங்கே போனார்கள் என்றும் இருந்தது. நானும் பஞ்சாபுக்குப் போனது அப்படித்தான். பயணச் செலவைக் கங்காணி கழித்துக்கொண்டான். அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும்.

"இதுல எந்த ஊருல நீ இருந்திருப்ப?" என்று கேட்டாள்.

"நடுவுலதான். எல்லாரும் வெளியாளு, நானும் வெளியாளு."

"வடக்குல?"

அங்கே ஊர் நடுவில் கோயில் மாதிரி ஒரு சபைக்கூடம். சுற்றி வீடுகள். குடும்பத்தோடு வந்து இறங்கியவர்கள். ஊர்க்கூட்டம் போட்டு எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். வேதம் படிக்கத் தெரியவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். வேலையில்லாமல் சுற்றும் வெளியாளை ஊருக்குள் தங்கவிட மாட்டார்கள்.

"உன்ன மொத நாளே கெளப்பியிருப்பாங்க," என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்த வுட்டு ஓடுனதுக்கு ஒரு ஒதை, கெளம்பறதுக்கு ஒரு ஒதை."

"அங்க முன்னாடியே இருந்தவங்க எங்க போனாங்கன்னு போட்டுருக்கா?" என்று பிறகு கேட்டாள். பக்கத்தைப் புரட்டினேன். செவ்விந்தியர்களிடமிருந்து நிலங்கள் பெறப்பட்டன என்று ஒரு வரி இருந்தது. "பெறப்பட்டன," என்று அக்கா இரண்டு முறை சொன்னாள். "நம்ம பால்வாடி நிலமும் யாருகிட்டயோ பெறப்பட்டதுதான்," என்றாள்.

தென்பகுதிக்கு வந்தபோது எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. புகையிலை! ஆந்திராவில் ஒரு பருவம் புகையிலைத் தோட்டத்தில் இருந்திருக்கிறேன். அதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு வாய் நிற்காது. ஈர இலையை உடம்போடு அணைத்துக்கொண்டு சுமந்தால் மதியத்துக்குள் தலை சுற்றும், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். இலையின் பால் தோல் வழியாகவே உள்ளே இறங்கிவிடும். பழகினவர்களே முதல் வாரத்தில் படுத்துவிடுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இலையைக் குச்சியில் கோத்துக் கட்டுவார்கள். கட்டின குச்சிகளைக் கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு அடியில் விறகு எரிப்போம். சூட்டில் பச்சை மஞ்சளாகும்.

இன்னும் தெற்கே நெல், நீலச் சாயத்துக்கு அவுரி. அவுரி என்றதும் அக்கா நிமிர்ந்தாள். "அவுரியா? நம்ம திண்டிவனம் பக்கம் போடறாங்களே, அதுவா?"

"அதுதான்."

"அதுக்கு எதுக்குடா அமெரிக்கா போவணும்?"

பெரிய பெரிய தோட்டங்கள். ஊர்கள் குறைவு. தோட்ட முதலாளியின் வீட்டு வாசல் ஆற்றிலேயே கப்பல் வந்து சரக்கு ஏற்றிப் போகும். வேலை முழுக்க ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். நெல் போடுவது எப்படி என்றே அவர்களுக்குத்தான் தெரியும், அவர்கள் சொல்லித்தான் அந்தச் சேற்றில் நெல் விளைந்தது என்று ஓர் இடத்தில் இருந்தது.

"நானும் அங்க அப்படித்தான் இருந்தேன்," என்றேன். "கங்காணி துணிப்பையப் புடுங்கி உள்ள வெச்சிப் பூட்டிட்டான். பருவம் முடியாம வெளிய வுட மாட்டான். கொட்டகையிலயே படுக்கணும். அடிமைதான்."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் எப்படி வந்த?"

"வெடிகாலையில எழுந்து ரோட்டுக்கு வந்தேன். பஸ் வந்துச்சி, ஏறி வந்துட்டேன். பைய வுட்டுட்டேன்."

"ஏறி வந்துட்டல்ல? அப்புறம் இன்னா 'அப்படித்தான்'? அவங்க பஸ் ஏறி வர முடியுமா? அவன் புள்ளையும் அவனுக்குச் சொந்தமில்ல. அந்தப் புள்ளையோட புள்ளையும் அந்தத் தோட்டத்துக்காரனுக்குத்தான். நீ பைய வுட்டுட்டு வந்த. அவ்ளோதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பால்வாடியில் பிள்ளைக்குச் செருப்பு மாறிப் போட்டிருந்தால் கழற்றி மாற்றிவிடுவாளே, அந்த மாதிரி சொன்னாள்.

"நம்ம கடலோரத்துலருந்தே ஆளுங்களப் புடிச்சிக்கினு பிரெஞ்சுக்காரன் தீவுக்குக் கப்பல்ல ஏத்தி வித்திருக்காங்க," என்றாள். "அது வேற தாளுல படிச்சேன். பாஸ் பண்ணிட்டேன் அந்தத் தாள. கடற்கரையில சுண்டல் திங்கறப்போ ஒருத்தருக்கும் அது ஞாபகத்துக்கு வராது."

பிறகு புகையிலைக்கு வாந்தி, நெல்லுக்குச் சேறு, எல்லாவற்றுக்கும் மேலே 'பஸ் கிடையாது' என்று மூன்றையும் விரலில் எண்ணி வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வடக்கு, நடு, தெற்கு அவளுக்குக் குழம்பவே இல்லை.

மாமா இதில் நுழைந்தது அதன்பிறகுதான். அக்கா வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டுக்கும் லாஸ்பேட்டைக்கும் ஆளேற்றும் டெம்போ ஓட்டுபவர். வண்டியை நிறுத்திவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்கு எதிலும் ஒரு கருத்து உண்டு.

"இங்கிலீஷ்காரன் கதைய எதுக்குப் படிக்கிற? நமக்கு வெள்ளைக்காரன்னா பிரெஞ்சுக்காரந்தான். அத எழுதிட்டு வா, ரெண்டு மார்க் சேர்த்துப் போடுவான்."

"சும்மா இருங்க."

"சரி மச்சான், நீ சொல்லு," என்று என் பக்கம் திரும்பினார். "இன்னா புரியலையாம் உங்கக்காவுக்கு?"

"புரிஞ்சிடுச்சி மாமா. மூணு பகுதி, மூணு பொழப்பு. ஆனா எல்லாம் ஒரே இங்கிலீஷ்காரன் ஊருதான்."

"இதுல இன்னா இருக்குது? நம்ம புதுச்சேரி மாதிரிதான், நாலு துண்டா கெடக்குது. காரைக்கால் நெல்லு. மாஹே மலையாளம், மீனு. ஏனாம் தெலுங்கு. நாம இங்க. ஆளுக்கொரு சோறு, ஆளுக்கொரு பேச்சு. ஆனா கொடி ஒண்ணு, ஆபீஸ் ஒண்ணு. ஏனாம்ல ஒருத்தனுக்கு லீவு வேணும்னாலும் ஃபைலு இங்கதான் வரணும். தப்பு பண்ணா மாஹேவுக்குத் தூக்கியடிப்பான். அவ்ளோதான் உன் அமெரிக்கா."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பால்வாடியில் அவளுக்கு மேலே இருந்த அம்மா ஒருவர் ஏனாமுக்கு மாற்றலாகிப் போய், அங்கே தெலுங்கு தெரியாமல் பிள்ளைகளிடம் சைகையில் பேசிக்கொண்டிருந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். நானூறு மைல் தள்ளிக் கிடந்தாலும் அது நம்முடைய ஊர்தான், அங்கே மழை பெய்தால் இங்கே ஆபீசில் பேசுவார்கள். இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது காற்று மாதிரி. யோசிக்க மாட்டான். நானும் யோசிக்கவில்லை. இந்தியா முழுக்கச் சுற்றியவன், எனக்கும் அது சரியாகவே பட்டது.

"எப்பவாச்சும் உருப்படியா ஒண்ணு சொல்றீங்க," என்று அக்கா மாமாவுக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

தேர்வு லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில். மாமா அன்று டெம்போவில் வேறு ஆளை ஏற்றாமல் அக்காவையும் என்னையும் மட்டும் கொண்டுபோய் விட்டார். அக்கா பால்வாடிச் சேலை கட்டவில்லை. கல்யாணத்துக்குக் கட்டும் சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். வாசலில் அவளைப் போலவே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நரைத்தவர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், போலீஸ் சட்டையின் மேல் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவர். எல்லோரும் கடைசி வாய்ப்புக்காரர்கள்.

நானும் மாமாவும் எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். மாமா டீ குடித்தார், வடை தின்றார், மறுபடி டீ குடித்தார். "ஊறுகாய் வாசனை வருதுன்னு கிண்டல் பண்ணுவேன் அவ புத்தகத்த," என்றார். "அடுப்படியிலயே வெச்சி வெச்சி. பாஸ் பண்ணிட்டா இனிமே கிண்டல் பண்ண முடியாது."

அக்கா வெளியே வந்தபோது நடையிலேயே தெரிந்தது. விரலெல்லாம் மை.

"வந்துடுச்சிடா! அதே கேள்வி. குடியேற்றங்களின் வாழ்க்கையும் தொழிலும் பகுதிவாரியா எப்படி வேறுபட்டதுன்னு. எக்ஸ்ட்ரா பேப்பர் வாங்கி எழுதினேன்."

"எல்லாம் எழுதினியா?"

"வெடிச்ச கையி, வெள்ளைப் புருவம், வாந்தி எதையும் வுடல. அடிமைங்களப் பத்தி ஒரு பக்கம். உங்க மாமா சொன்னதையும் போட்டு முடிச்சேன். இத்தனை வேறுபாடு இருந்தாலும் எல்லாப் பகுதியும் ஒரே தலைமைச் செயலகத்தின் கீழே இருந்துச்சி, அதிகாரிங்கள தெற்குலருந்து வடக்குக்கு இடமாற்றம் பண்ணாங்கன்னு."

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். அப்போது அவள் பின்னால் வந்த போலீஸ் சட்டைக்காரர் நின்றார். அவருக்கு அக்கா சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அதுங்களுக்கு ஒரே தலைநகரம் கெடையாதே? ஒவ்வொண்ணும் தனித்தனி. தனி கவர்னர், தனி சட்டசபை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. அதனாலதான் பின்னாடி ஒண்ணா சேர்றதுக்கு அவ்ளோ கஷ்டப்பட்டானுங்க. அடுத்த பாடத்துல இருக்குது."

"பக்கத்துப் பக்கத்துலதானே இருந்துச்சிங்க?" என்றாள் அக்கா.

"பக்கத்துலதான். ஆனா தனி."

அவர் போய்விட்டார். அக்கா டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மை விரல்களைச் சேலையில் தேய்த்தாள், அது கல்யாணச் சேலை என்பதும் மறந்துபோய்.

"அதெப்படிடா?" என்றாள் என்னிடம். "நம்முளது நாலும் நாலு மூலையில கெடக்குது. ஒண்ணுலருந்து ஒண்ணுக்குப் போறதுக்குள்ள ரெண்டு மூணு மாநிலம் குறுக்க வருது. அது ஒண்ணா இருக்குது. அவனுங்களுது ஒட்டிக்கினு இருக்குது, வேலி கூட இல்ல. அது தனித்தனியா?"

வரைபடத்தில் பார்த்தால் எங்களுடையதுதான் விசித்திரம் என்று எனக்கே அன்றுவரை தோன்றியதில்லை. சிதறிக் கிடப்பதுதான் இயல்பு, அதை ஒரு ஆபீஸ் கட்டி வைத்திருக்கும் என்று இந்த ஊர் எங்களுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்திருந்தது. உழவர்கரையில் தெருவில் நடந்தால் பாதித் தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும், மறுபடி புதுச்சேரி வந்துவிடும். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

மாமா மெதுவாகச் சொன்னார்: "நான் நம்ம ஊரச் சொன்னேன். அமெரிக்காவ நான் பார்த்தனா?"

"பார்க்காதவரு எதுக்குச் சொன்னீங்க?"

வீட்டுக்கு வந்ததும் நான் புத்தகத்தை எடுத்து அடுத்த பாடத்தைப் பார்த்தேன். அந்த ஆள் சொன்னது சரிதான். நாங்கள் அந்தப் பாடம் வரை வந்ததே இல்லை. அக்கா எட்டிப் பார்த்தாள். "மூடு," என்றாள்.

முடிவு வருவதற்குப் பல வாரங்கள் ஆயின. எனக்குத் தோள் சரியாகிவிட்டது. மங்களூரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். என் சுபாவத்துக்கு அது புதிது. ஆனால் அக்கா மாமாவோடு சரியாகப் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சேதி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. "சாப்பிட வரச் சொல்லு உங்க மாமாவ." "குழம்புல உப்பு கம்மின்னு சொல்லு மச்சான் உங்கக்காகிட்ட." ஒரு ஞாயிறு மாமா பெரிய இறாலாக வாங்கி வந்து அடுப்படியில் சத்தம் போடாமல் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதை உரித்து, மசாலா போட்டு, ஒன்றுகூடக் குறையாமல் அவருக்கே வைத்தாள். வாயால் மட்டும் பேசவில்லை. அவளுக்கு மாமா மேல் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். பயத்தை எங்கேயாவது இறக்கி வைக்கவேண்டும், வீட்டில் அதற்கு வேறு இடம் இல்லை.

ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "பெயிலானா பரவால்லடா. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன். பால்வாடி இருக்குது, புள்ளைங்க இருக்குது." கொடியில் போட்ட சட்டையை மறுபடி எடுத்து உதறிப் போட்டாள். "ஆனா வேற ஒருத்தி வந்து எனக்கு மேல ஒக்காந்து, இந்தப் புள்ளைங்களுக்கு எப்படிச் சோறு போடணும்னு எனக்குச் சொல்லிக்குடுப்பா பாரு. அதத்தான் தாங்க முடியாது."

முடிவு வந்த அன்று நான் பால்வாடியில் இருந்தேன். அங்கே தண்ணீர்த் தொட்டிக் குழாய் கசிந்தது, அதற்கு வாஷர் மாற்றப் போயிருந்தேன். பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சாம்பார் சாதம் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் போன் சத்தம் போட்டது. நான் எடுத்துப் பார்த்தேன்.

"உங்கூட எழுதின யாரோ அனுப்பியிருக்காங்க," என்றேன். "ரிசல்ட்டு வந்துடுச்சாம்."

"பாரு." அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "என் நம்பரு தெரியும்ல?"

தெரியும். அவளோடு சேர்ந்து நானும் மனப்பாடம் செய்திருந்தேன். பக்கம் திறக்கவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பொடிசு, "ஆன்ட்டி, எனக்கு முட்ட," என்றது. அக்கா முட்டையை வைத்தாள். அடுத்த தட்டுக்குப் போனாள். நான் மூன்று முறை எண்ணைத் தட்டினேன்.

"பாஸு."

கரண்டி அந்தரத்தில் நின்றது. சாம்பார் சொட்டியது.

"சரியாப் பாத்தியா?"

"பாஸுதான் அக்கா."

"எவ்ளோ?"

சொன்னேன். தேறுவதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம்தான் கூட.

அவள் கரண்டியை அந்தத் தட்டில் கவிழ்த்தாள். "செயலகத்துக்கு மார்க்கக் கொறைச்சிட்டாங்க," என்றாள்.

"வாந்திக்குப் போட்டுட்டாங்க."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிள்ளைகள் எல்லாம் அவளையே பார்த்தன. போனை என் கையிலிருந்து வாங்கி மாமாவுக்குப் போட்டாள். அந்தப் பக்கம் டெம்போ இரைச்சல் எனக்கே கேட்டது.

"ஏங்க, பாஸ் பண்ணிட்டேன்," என்றாள்.

அந்தப் பக்கம் மாமா வண்டியில் இருந்த யாரிடமோ, "என் பொண்டாட்டி டிகிரி பாஸ் பண்ணிட்டா," என்று கத்தினார். யாரோ, "நல்லதுங்க, கொஞ்சம் ரோட்டப் பார்த்து ஓட்டுங்க," என்றார்கள்.

அக்கா போனை வைத்தாள். "நாளைக்கு மங்களூர் கெளம்புவியாக்கும்?"

"கெளம்பணும்."

"போ. யாரு புடிச்சி வெச்சா." பிள்ளைகளின் வரிசை முடிந்த இடத்தில் ஒரு தட்டைப் போட்டாள். சாதம் போட்டு, இரண்டு முட்டை வைத்தாள். "ஒக்காரு."

கடைசியில் இருந்த பொடிசுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். அது என் தட்டைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்து, "இவருக்கு மட்டும் ரெண்டா?" என்று கேட்டது.